போரை மறக்கவைத்த பாட்டு எது?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்த பாட்டுப் படங்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரே தீர்ப்புதான் காதில் விழுகிறது. உலகம் பற்றி எரிந்துகொண்டிருந்தபோது ஹாலிவுட் ஆடிப் பாடிக்கொண்டிருந்ததாம். சிப்பாய்க்கும் அவன் வீட்டாருக்கும் போர் நினைவே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தப் படங்களின் வேலையாம். அரசாங்கம் கேட்டது, ஸ்டூடியோக்கள் காய்ச்சிக் கொடுத்தன, ஜனங்கள் குடித்து மயங்கினார்கள் என்று கதையை முடித்துவிடுகிறார்கள். திரைப்படச் சங்கக் கூட்டங்களில் இதைச் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. சினிமா வரலாறு எழுதுபவர்களும் அந்தப் படங்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கி, ‘தப்பித்தல்’ என்று பெயர் சூட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தத் தீர்ப்பு அடிப்படையிலேயே தவறு என்பது என் கட்சி. அந்தப் படங்களில் நல்லவை போரை மறக்கடிக்கவில்லை. போர் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டவற்றை, அதாவது பிரிவை, காத்திருப்பை, திரும்பி வராமல் போகலாம் என்ற அச்சத்தை, யார்மீது காட்டுவதென்று தெரியாத கோபத்தை, வாய்விட்டுச் சொல்ல வேறு எங்கும் இடமில்லாத நாட்களில் அவை பாட்டாகச் சொல்லின. ஜனங்கள் அவற்றைத் தேடிப் போனது அதற்காகத்தான்.

எதிர்த் தரப்பை அதன் பலமான வடிவத்திலேயே எடுத்துக்கொள்கிறேன். தியடோர் அடோர்னோ, மாக்ஸ் ஹோர்க்ஹைமர் இருவரும் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்கள். போர் நடந்த அதே ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் குடியிருந்தார்கள். அவர்கள் 1944இல் எழுதி 1947இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேற்றிய ‘அறிவொளியின் இயங்கியல்’ நூலில் பண்பாட்டுத் தொழில் பற்றிய அத்தியாயம் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. கேளிக்கையில் மகிழ்வது என்றாலே இருக்கும் நிலைமைக்குத் தலையாட்டுவது, துன்பத்தைக் கண்முன் காட்டும்போதுகூட அதை மறக்கவைப்பதே கேளிக்கை என்பது அதன் சாரம். ஊரும் உறவும் இழந்து வந்தவர்கள் எழுதியது. அதன் பின்னாலிருக்கும் வலியை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் குடியிருந்த அதே நகரத்தில், கஹுவெங்கா சாலையில், பெட்டி டேவிஸும் ஜான் கார்ஃபீல்டும் முன்னின்று 1942 அக்டோபர் 3ஆம் தேதி ஹாலிவுட் கேன்டீனைத் திறந்திருந்தார்கள். பசிபிக் முனைக்குக் கப்பலேறப்போகும் சிப்பாய்கள் இரவெல்லாம் அங்கே வந்து போனார்கள். சீருடைதான் அனுமதிச் சீட்டு. சாப்பாடும் ஆட்டமும் பாட்டும் இலவசம். கப்பலேறப்போகிறவனுக்கு எங்கே போகிறோம் என்று தெரியாதா? அவனுக்குப் போரை மறக்கடிக்க யாரால் முடியும்? கேளிக்கை பற்றிய அந்தப் பெரிய கோட்பாட்டில் இந்தச் சிப்பாய்க்கு இடமே இல்லை. அங்கே இருப்பவர் முகமில்லாத ஒரு நுகர்வோர், அவ்வளவுதான்.

எதிர்த் தரப்பு சொல்வதில் உண்மையான பகுதியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். அமெரிக்க அரசு 1942இல் போர்த் தகவல் அலுவலகத்தைத் தொடங்கியது. அதன் திரைப்படப் பிரிவு ஸ்டூடியோக்களுக்கு ஒரு கையேடே அச்சடித்துக் கொடுத்தது. எடுக்கும் படம் போரில் வெல்ல உதவுமா என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் முக்கியமான போதனை. திரைக்கதைகளை முன்கூட்டியே வாங்கிப் படித்தார்கள், யோசனை சொன்னார்கள். ‘யாங்கீ டூடுல் டான்டி’ 1942 மே மாதம் நியூயார்க்கில் முதல் காட்சி கண்டபோது போர்க் கடன் பத்திரம் வாங்கியவர்களுக்குத்தான் இருக்கை. ‘ஸ்டார் ஸ்பாங்கில்டு ரிதம்’ படத்தின் முடிவில் பிங் கிராஸ்பி, மலையில் செதுக்கிய ஜனாதிபதிகளின் முகங்களைப் பின்னணியாக வைத்துக்கொண்டு கொடியின் பெருமையைப் பாடுகிறார். சந்தேகமே வேண்டாம், அது பிரசாரம்தான்.

ஆனால் அந்தக் கொடிப் பாட்டை இன்று யார் பாடுகிறார்கள்? அன்றைக்கே யார் பாடினார்கள்? மயக்க மருந்துக் கோட்பாட்டுக்காரர்கள் எழுப்பாத கேள்வி இது. ஒரு படத்துக்குள் என்ன வைக்கப்பட்டது என்று பார்ப்பவர்கள், அதிலிருந்து ஜனங்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பார்ப்பதேயில்லை.

‘ஹாலிடே இன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். 1942 ஆகஸ்டில் வந்தது. ஆண்டின் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு பாட்டு என்று இர்விங் பெர்லின் எழுதியிருந்தார். ஜூலை 4 சுதந்திர தினப் பாட்டில் ரூஸ்வெல்ட்டும் மக்ஆர்தரும் ஆயுதத் தொழிற்சாலைகளும் திரையில் அணிவகுக்கிறார்கள். போர் முயற்சிக்காகப் படத்தில் வைத்த இடம் அதுதான். பெரிய வெற்றி பெறும் என்று எதிர்பார்க்கப்பட்டதோ காதலர் தினப் பாட்டு. ஜனங்கள் இரண்டையும் விட்டுவிட்டு ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டை எடுத்துக்கொண்டார்கள். அதில் போர் என்ற சொல்லே இல்லை. பனி விழும் ஊரை, விட்டு வந்த ஒரு பழைய கிறிஸ்துமஸை, தொலைவில் இருந்து நினைத்துப் பார்க்கும் பாட்டு. அக்டோபருக்குள் அது விற்பனையில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. படைகளுக்கான வானொலியில் சிப்பாய்கள் இதைத்தான் போடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கேட்டவர்கள் எங்கே இருந்தார்கள் என்று யோசியுங்கள். பசிபிக் தீவுகளின் சேற்றிலும், வட ஆப்பிரிக்க மணலிலும். பனியே விழாத இடங்களில் உட்கார்ந்துகொண்டு பனியைப் பற்றிய பாட்டைக் கேட்டவன் தான் இருக்கும் இடத்தை மறந்தவனா? அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதை அவனுக்கு அளந்து காட்டியதே அந்தப் பாட்டு. அதை எழுதிய பெர்லின் ரஷ்யப் பேரரசிலிருந்து குழந்தையாக வந்த யூதர். தன் கைக்குழந்தையை 1928 கிறிஸ்துமஸ் நாளில் பறிகொடுத்தவர். அந்தப் பாட்டில் இருக்கும் ஏக்கத்தை எந்த அரசாங்கக் கையேடும் கேட்டு வாங்கவில்லை.

இனி என் வாதத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். 1943இல் ஆர்.கே.ஓ. எடுத்த ‘தி ஸ்கைஸ் தி லிமிட்’. ஃப்ரெட் அஸ்டேர் படங்களிலேயே அதிகம் பேசப்படாத ஒன்று. அஸ்டேர் இதில் ‘பறக்கும் புலிகள்’ படையைச் சேர்ந்த விமானி. வீரன் என்று ஊர் ஊராக அழைத்துப் போய்க் காட்சிப்பொருளாக்குகிறார்கள். அவன் ரயிலிலிருந்து நழுவி, சீருடையைக் கழற்றிவிட்டு, நியூயார்க்கில் சாதாரண ஆளாகத் திரிகிறான். புகைப்படக்காரி ஒருத்தியைக் காதலிக்கிறான். அவளுக்கு அவன் யாரென்று தெரியாது. போர்க்காலத்தில் வேலைவெட்டி இல்லாமல் சுற்றும் சோம்பேறி என்றுதான் நினைக்கிறாள். ஒரு விருந்தில் விமான உற்பத்தியாளர் ஒருவரிடம், அவருடைய விமானத்தில் உள்ள குறைகளைப் பற்றி முகத்துக்கு நேரே பேசிவிடுகிறான். விடுப்பு முடிகிறது. சண்டை முனைக்குத் திரும்ப வேண்டும்.

அந்த இரவில் அவன் மதுக்கடை மதுக்கடையாக ஏறி இறங்குகிறான். ஹரால்டு ஆர்லன் இசையமைத்து ஜானி மெர்சர் எழுதிய ‘ஒன் ஃபார் மை பேபி’ இந்தக் காட்சிக்காகப் பிறந்த பாட்டு. மேல்சட்டையும் தொப்பியுமாகக் கடைக்காரனிடம் முணுமுணுப்பதுபோலத் தொடங்குகிறான். சொல்ல ஏதோ இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டான். பாட்டு முழுவதும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்குவதுதான். பிறகு கால்கள் பேசத் தொடங்குகின்றன. தாவி மேசைமேல் ஏறுகிறான். நீளமான அந்த மதுக்கடைப் பலகைமீது அஸ்டேருக்கே உரிய துல்லியத்தோடு தட்டாட்டம் போகிறது. அடுக்கி வைத்திருந்த கண்ணாடிக் கோப்பைகளைக் காலால் உதைக்கிறான். தாளம் பிசகாமல் உடைகின்றன. நாற்காலியைத் தூக்கிப் பின்னாலிருக்கும் பெரிய கண்ணாடியில் எறிகிறான். அதுவும் நொறுங்குகிறது.

முப்பதுகளின் படங்களில் அஸ்டேர் என்றால் மிதப்பு, லாவகம், தரையே அவரைத் தாங்கிப் பிடிப்பதுபோல ஒரு சுகம். அந்த உடம்பு இங்கே முதல் முறையாக எதையோ உடைக்க ஆடுகிறது. ஆட்ட அமைப்பும் அவருடையதே. கோபத்துக்கு வசனத்தில் காரணம் சொல்லப்படுவதில்லை. காதல் தோல்வி என்று ஒதுக்கிவிடலாம், ஆனால் படம் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அவன் நாளை எங்கே போகிறான் என்று தெரியும். காதலிக்குத்தான் தெரியாது. இந்த இடைவெளியில்தான் அந்தக் காட்சி நிற்கிறது. ஒரு வீரன், தன்னை வீரன் என்று கொண்டாடும் நாட்டின் நடுவில், அந்தக் கொண்டாட்டத்தால் பயனில்லாத ஒரு அச்சத்தோடு தனியாக இருக்கிறான்.

இதே 1943இல் நியூஸ்ரீல்கள் என்ன காட்டின என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இறந்து கிடக்கும் அமெரிக்கச் சிப்பாயின் உடலை அமெரிக்கர்கள் பார்க்கக் கூடாது என்று தணிக்கை இருந்தது. நியூ கினியின் பூனா கடற்கரையில் மணலில் கிடந்த மூன்று சிப்பாய்களை ஜார்ஜ் ஸ்ட்ராக் எடுத்த புகைப்படம், மாதக்கணக்கில் முடக்கப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 20 ‘லைஃப்’ இதழில்தான் வெளிவந்தது. அதுவரை செய்திகளில் அமெரிக்கச் சாவுக்கு உடலே கிடையாது. உண்மையைச் சொல்வதாகப் பெயர் பெற்ற நியூஸ்ரீல் மறைத்தது. பொய் என்று பெயர் பெற்ற பாட்டுப் படத்தில் ஒருவன் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருந்தான். இரண்டில் எது மயக்க மருந்து?

பாட்டு அதிகாரத்துக்கு அவ்வளவு சேவகம் செய்ததென்றால் அதிகாரம் ஏன் அதைக் கண்டு பயந்தது என்ற கேள்விக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் வீரா லின் பாடிய பிரிவுப் பாட்டுகளும், வானொலியில் சிப்பாய்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நடுவே அவர் பேசிய நிகழ்ச்சியும் கொடிகட்டிப் பறந்த நேரம். 1942 ஜூனில் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படை காத்துவந்த டோப்ருக் வீழ்ந்தது. இப்படி உருகி உருகிப் பாடினால் சிப்பாய்கள் தளர்ந்துபோவார்கள், வீர முழக்கம்தான் தேவை என்று நாடாளுமன்ற வட்டாரத்திலும் ராணுவ வட்டாரத்திலும் முணுமுணுப்பு கிளம்பியது. அடுத்த மாதமே பி.பி.சி. குழைவான ஆண் குரல்களையும் மிகை உருக்கத்தையும் நடன இசை நிகழ்ச்சிகளிலிருந்து தடுக்க ஒரு குழுவை அமைத்துக் கொள்கை வகுத்தது. சிப்பாய்கள் அதற்குச் செவிசாய்க்கவில்லை. வீரா லின் பாட்டைத் தலைப்பாகவே கொண்ட படம் 1943இல் வந்தது. 1944இல் அவரே இந்தியா வழியாக பர்மா முனைக்குப் போய், பதினான்காம் படையின் முகாம்களிலும் மருத்துவமனைகளிலும் பாடினார். வெளியுலகம் மறந்துவிட்ட படை என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்ட அந்தப் படையில் பெரும்பகுதி இந்திய வீரர்கள். சென்னை சாப்பர்களும் அங்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊரிலும் இந்தச் சோதனை நடந்தது. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கானோர் 1942இல் கால்நடையாகவும் கப்பலிலும் ஓடி வந்தார்கள். தமிழர்கள் அதில் ஏராளம். அந்த ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னை நகரமே காலியானது. கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு. படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று ஆணை. போருக்கு ஆதரவான படம் எடுங்கள் என்று தயாரிப்பாளர்களை அரசு நெருக்கியது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1945இல் ‘பர்மா ராணி’ எடுத்தார், ஜப்பானிய அதிகாரியாக அவரே நடித்தார். கே. சுப்ரமண்யம் ‘மானசம்ரக்ஷணம்’ எடுத்தார். ஆனால் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’. அதில் போரே கிடையாது. பெற்றோரை உதாசீனம் செய்தவன், கால் இழந்து, அவர்கள் காலடிக்கே திரும்பி வரும் கதை. வீட்டில் ஆளில்லாத, ஊர்விட்டு ஊர் ஓடி வந்த ஜனங்கள் அதன் நாயகன் பாகவதர் குரலில் கேட்டது அந்தத் திரும்பி வருதலைத்தான் என்று நான் நம்புகிறேன். அரசாங்கம் எதை வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம், எதை முணுமுணுக்க வேண்டும் என்று யாருக்கும் ஆணையிட முடியாது.

இங்கே எதிர்த் தரப்பு தன் கடைசி ஆயுதத்தை எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ்? ஜெர்மனியிலும் பாட்டுப் படங்கள்தானே ஓடின? நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். ‘டி க்ரோஸ லீப’, அதாவது ‘பெருங்காதல்’, 1942 ஜூனில் பெர்லினில் வெளியானது. நாஜி ஆட்சிக் காலத்திலேயே மிக அதிகம் பேர் பார்த்த படம், ஏறக்குறைய 2.7 கோடி. பாடகியாக சாரா லேயாண்டர். அவள் காதலிப்பது ஒரு விமானப்படை அதிகாரியை. கல்யாணம் நெருங்கும்போதெல்லாம் அவனுக்குப் போர்முனையிலிருந்து அழைப்பு வருகிறது. அந்த ஆண்டில்தான் கிழக்கே கொலை முகாம்கள் முழு வேகத்தில் இயங்கின. என்றாவது ஒரு அற்புதம் நடக்கும் என்று லேயாண்டர் பாடும் பாட்டை எழுதிய ப்ரூனோ பால்ஸ், ஆண்களைக் காதலித்தவர் என்பதற்காக முந்தைய ஆண்டு கெஸ்டாபோவால் பிடித்துவைக்கப்பட்டவர். அந்தப் பாட்டைக் கேட்டு அழுதவர்களில் எத்தனை பேர் பக்கத்து வீடு காலியானதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஆனாலும் இந்தப் படத்தையும் அஸ்டேர் படத்தையும் ஒரே தட்டில் வைப்பதை ஏற்க மாட்டேன். இரண்டிலும் பிரிவு இருக்கிறது. லேயாண்டர் படத்தில் அவளுடைய கோபம் ஒரு குறை. கதை முழுவதும் அந்தக் குறையைத் திருத்துவதற்காகவே நகர்கிறது. அவள் கேள்வி கேட்பதை நிறுத்தி, காத்திருப்பதே காதல் என்று கற்றுக்கொண்டதும் படம் முடிகிறது. காயம்பட்ட அவனும் அவளும் சேர்ந்து வானத்தில் போகும் விமானங்களைப் பார்க்கிறார்கள். அஸ்டேர் படத்தில் உடைந்த கண்ணாடியை யாரும் ஒட்டவைப்பதில்லை. அவன் கோபம் தவறு என்று ஒருவரும் போதிப்பதில்லை. போரை ஏற்றுக்கொள் என்று கற்பிக்கும் பாட்டும், போரால் வந்த வலியை வலியென்றே சொல்லும் பாட்டும் வேறு வேறு. எல்லாமே கேளிக்கை, எல்லாமே தலையாட்டல் என்று சொல்லும் கோட்பாட்டுக்கு இந்த வேற்றுமை கண்ணில் படுவதேயில்லை. அதனால்தான் அது ஆபத்தான கோட்பாடு என்கிறேன். கோயபல்ஸின் கைவேலையைத் தனியாக அடையாளம் காட்டவும் அதற்குத் தெரியாது.

ஹாலிவுட்டிலும் முதல் வகை உண்டு. ‘ஸ்டேஜ் டோர் கேன்டீன்’ படத்தின் முடிவில், காதலன் கப்பலேறிவிட்ட பெண்ணிடம், அழுது முடித்து வேலைக்குத் திரும்பு என்ற பொருள்பட கேதரின் ஹெப்பர்ன் போதிக்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. அதே ஆண்டு வந்த ‘தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்’ படத்தில், ஊரில் மிச்சமிருப்பவர்கள் கிழவர்களும் பொடியன்களும்தான் என்று பெட்டி டேவிஸ் பாடும் பாட்டில் இருக்கும் உண்மை இந்தப் போதனையைவிட எனக்குப் பெரிது. பெண்ணின் உடம்புக்கு ஆசை உண்டு என்பதை, போருக்குப் போனவனுக்காக அது தனியாகத் தவிக்கிறது என்பதை, பட்டவர்த்தனமாகச் சிரித்துக்கொண்டே சொல்கிறது அந்தப் பாட்டு.

நிறவெறி விஷயத்தில் இந்தப் படங்கள்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டு வேறு. அதை நான் மறுக்கவில்லை. ‘ஹாலிடே இன்’ படத்தில் லிங்கன் பிறந்தநாள் பாட்டுக்குக் கிராஸ்பி முகத்தில் கரி பூசிக்கொண்டு வருகிறார். அடிமைகளை விடுவித்தவரைப் போற்ற அடிமைகளின் பேரப்பிள்ளைகளை இழிவுசெய்யும் வேஷம். பார்க்கவே கூசுகிறது. எம்.ஜி.எம். தன் படங்களில் லீனா ஹார்ன் பாடும் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் தனியே எடுத்தது, தென் மாநிலத் தியேட்டர்களில் வெட்டி எறிய வசதியாக. ராணுவமே 1948 வரை நிறவாரியாகப் பிரிந்து கிடந்தது. ஒன்றுபட்ட நாடு என்று இந்தப் படங்கள் பாடியதில் பெரும் பொய் இருந்தது.

ஆனால் இந்தப் பொய்யைக் கிழித்ததும் அதே மேடைகள்தாம். இர்விங் பெர்லின் தன் ‘திஸ் இஸ் தி ஆர்மி’ நிகழ்ச்சிக்குச் சிப்பாய்களையே நடிகர்களாகச் சேர்த்தபோது கறுப்பினச் சிப்பாய்களும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அமெரிக்க ராணுவத்தில் அன்று வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகத் தங்கி ஒன்றாகப் பயணம் செய்த ஒரே பிரிவு அந்தக் கலைக்குழு. அதன் 1943 படத்தில் ஹார்லெம் பாட்டைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், கரி பூசிய வேஷமும் இருக்கிறது. கூடவே அந்தச் சிப்பாய்களின் ஆட்டம் படத்தின் மற்ற எதையும்விட உயிரோடு இருக்கிறது. ஹாலிவுட் கேன்டீனில் கறுப்பினச் சிப்பாய்களும் அதே வாசல் வழியாக வந்தார்கள், பெட்டி டேவிஸ் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. ‘ஸ்டார்மி வெதர்’ 1943 ஜூலையில் வந்தது. முந்தைய மாதம்தான் டெட்ராய்ட் நகரில் நிறக்கலவரத்தில் 34 பேர் செத்திருந்தார்கள். அந்தப் படத்தின் கதை தொடங்குவது 1918இல், முதல் உலகப் போரிலிருந்து திரும்பும் கறுப்பின வீரர்களின் ஊர்வலத்தோடு. நாங்கள் போன போரிலும் போனோம், இந்தப் போரிலும் போகிறோம் என்று கணக்கை எடுத்து நாட்டின் முன்னால் வைக்கிறது. பிறகு கேப் காலவே இசைக்கு நிக்கலஸ் சகோதரர்கள் படிக்கட்டில் ஒருவர் தலைக்குமேல் மற்றவர் தாண்டித் தாண்டி இறங்கும் அந்த ஆட்டம். கலவரம் நடந்த கோடையில் அந்த உடல்களின் தன்மானத்தைத் திரையில் பார்த்தவர்கள் எதை மறந்திருப்பார்கள்?

துக்கத்தில் பாடுவதைத் தப்பித்தல் என்று தமிழன் சொல்வதுதான் எனக்கு விளங்காத விஷயம். நம் ஊரில் எழவு வீட்டில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும் பெண்கள் சாவை மறக்கவா பாடுகிறார்கள்? செத்தவனின் குணம், அவன் பட்ட கடன், அவன் கொடுத்த அடி, அவனில்லாமல் இனி வரப்போகும் நாள், எல்லாம் அந்தப் பாட்டுக்குள் வருகிறது. பாட்டு இல்லாவிட்டால் அவற்றைச் சொல்ல அவளுக்கு வேறு சபை கிடையாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ‘மில்லியன்ஸ் லைக் அஸ்’ என்ற 1943ஆம் ஆண்டு பிரிட்டிஷ் படத்தின் கடைசிக் காட்சியைப் பார்க்க வேண்டும். லாண்டரும் கில்லியட்டும் எடுத்தது. முழுப் பாட்டுப் படம் இல்லை, விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலைக்கு அனுப்பப்பட்ட பெண்களின் கதை. சீலியா என்ற பெண் விமானப்படைப் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்கிறாள். அவன் குண்டுவீச்சுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. படம் முடியும் இடம் தொழிற்சாலைக் கேன்டீன். நீண்ட மேசைகள், நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான பெண்கள். மேடையில் ஒருத்தி பழைய நாடகக் கொட்டகைப் பாட்டு ஒன்றைப் பாடுகிறாள். மாப்பிள்ளை வராமல் கோயில் வாசலில் நின்ற பெண்ணைப் பற்றிய சிரிப்புப் பாட்டு. எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். சீலியா வாய் திறக்கவில்லை. பக்கத்துத் தோழி அவளைப் பார்க்கிறாள். மேலே விமானங்கள் போகும் இரைச்சல். மெல்ல, கண்ணீரை அடக்கிக்கொண்டு, அவளும் சேர்ந்துகொள்கிறாள். வராத மாப்பிள்ளையைப் பற்றிய பாட்டை, மாப்பிள்ளை வராமலே போனவள் பாடுகிறாள். அந்தப் பாட்டை அங்கே தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. அரசாங்கத்தின் ஊக்கத்தில் எடுத்த படம் என்பதால் அந்தக் காட்சியின் நேர்மை குறைந்துவிடவில்லை.

அப்படியானால் மறதி எங்கிருந்து வந்தது? அதற்கும் பதில் இருக்கிறது, தேதியோடு இருக்கிறது. வின்சென்ட் மின்னெல்லியின் ‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’ 1944 நவம்பரில் வெளிவந்தது. கதை நடப்பது 1903, 1904இல். அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் ஊரைவிட்டுப் போக வேண்டும். கிறிஸ்துமஸ் இரவில் ஜூடி கார்லண்ட் ஜன்னலோரம் அழும் தங்கைக்கு ஒரு பாட்டுப் பாடுகிறாள். ஹ்யூ மார்ட்டின் முதலில் எழுதிய வரிகள் மிகவும் இருண்டவை. ஒரு குழந்தையைப் பார்த்து இதைப் பாடினால் என்னை அரக்கி என்பார்கள் என்று கார்லண்ட் மறுத்ததால் அவற்றை மாற்றினார். மாற்றிய பிறகும் அது ஆறுதல் பாட்டாகிவிடவில்லை. விதி விட்டால் ஒருநாள் எல்லோரும் ஒன்றுசேர்வோம், அதுவரை எப்படியாவது ஒப்பேற்ற வேண்டும் என்பதுதான் அதன் பொருள். பாட்டு முடிந்ததும் அந்தச் சிறுமி இரவு உடையோடு தோட்டத்துக்கு ஓடி, தான் கட்டிய பனி மனிதர்களைத் தடியால் அடித்து நொறுக்குகிறாள். தன்னோடு கொண்டுபோக முடியாதது யாருக்கும் வேண்டாம் என்று அழுகிறாள். ஐரோப்பாவில் பல்ஜ் போர் நடந்த குளிர்காலத்தில், தந்தையும் அண்ணனும் எங்கோ கடல் கடந்து இருந்த குடும்பங்கள் இந்தக் காட்சியைப் பார்த்தன.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1957இல், ஃப்ராங்க் சினாட்ரா ஒரு குதூகலமான கிறிஸ்துமஸ் இசைத்தட்டுக்காக இந்தப் பாட்டை எடுத்தார். ஒப்பேற்றுவது பற்றிய வரி சோகமாக இருக்கிறது, கொஞ்சம் கலகலப்பாக்கித் தாருங்கள் என்று மார்ட்டினிடம் கேட்டார். மார்ட்டினும் மரத்தின் உச்சியில் நட்சத்திரம் தொங்கவிடும் வரியாக மாற்றிக்கொடுத்தார். இன்று கடைத்தெருக்களில் பெரும்பாலும் கேட்பது அதைத்தான். அதற்கு மூன்றாண்டு முன்பு, 1954இல், கிராஸ்பி மறுபடியும் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாடினார், இந்த முறை அதே பெயரில் வந்த வண்ணப் படத்தில். அதில் போர்முனை என்பது பழைய சிநேகிதர்களும் பாசமான ஜெனரலும் நிறைந்த இனிய நினைவு. ராணுவ நாட்களுக்கே திரும்பிப் போனால் தேவலை என்று ஆடிப்பாடும் பாட்டும் அதில் உண்டு. குண்டு விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் தியேட்டர் நிறையத் தாங்கிக்கொண்ட சோகத்தை, குண்டு நின்றபின் வந்த வசதியான ஆண்டுகள் தாங்கிக்கொள்ளவில்லை. மயக்க மருந்துக் குற்றச்சாட்டை யார்மீதாவது சுமத்தியே தீர வேண்டுமென்றால் அந்த ஐம்பதுகளின்மீது சுமத்தட்டும். 1943இல் மதுக்கடைக் கண்ணாடியை உடைத்த விமானிமீதும், கேன்டீனில் வாய் திறந்த சீலியாமீதும் அதைச் சுமத்த அவர்களிடம் சாட்சியே கிடையாது.